குன்றில்லாத கடற்கரையில் பாறையேறியாக வளர்வது: முன்னோடிகளிடம் எதைக் கற்பது, எப்படிக் கற்பது

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் மணல் உண்டு, பனங்காடு உண்டு, உவர்நிலம் உண்டு. கயிறு கட்டி ஏறும் அளவுக்கு உயர்ந்த பாறைச் சுவர் இல்லை. ஆயினும் கைப்பேசித் திரையில் பாறையேறிகளைப் பார்த்து, தாமும் அப்படி ஏற வேண்டும் என்று விரும்பும் இளைஞர்கள் இங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அந்த விருப்பத்தைக் கண்டு அஞ்சும் பெற்றோருக்காகவும், பள்ளிகளில் உடற்கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முன்னோடி ஒருவரின் சாதனையைப் பின்பற்றக் கூடாது. அந்தச் சாதனைக்கு முன்னால் அவர் நாள்தோறும் செய்துவந்த பழக்கங்களுள், நம் ஊரில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவதெல்லாம் இதை ஒட்டியே அமையும்.

முன்னோடியைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலோர் முதலில் அறிந்துகொள்ளும் பெயர் அலெக்ஸ் ஹானல்ட். அவர் 2017 ஜூன் 3 அன்று, அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள எல் கேப்பிட்டன் என்னும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள கருங்கல் சுவரில், கயிறோ வேறு பாதுகாப்புக் கருவியோ இன்றித் தனியாக ஏறி, 3 மணி 56 நிமிடங்களில் உச்சியை அடைந்தார். இந்தச் செய்தியை மட்டும் படிக்கும் ஒருவர் துணிச்சலே பாறையேற்றம் என்று எண்ணிவிடக்கூடும். ஆனால் அதே பாதையில் அவர் கயிறு கட்டிக்கொண்டு எத்தனையோ முறை ஏறி இறங்கியிருந்தார். கடினமான இடங்களில் எந்தக் கை எந்தப் பிடிக்கு, எந்தக் கால் எந்த மேட்டுக்கு என்பதை மனப்பாடமாக்கியிருந்தார். அதைவிட முக்கியமானது, 2016 நவம்பரில் கயிறில்லாமல் ஏறத் தொடங்கிய அவர், மனம் ஒப்பாததால் பாதியில் முயற்சியைக் கைவிட்டார். ஹானல்டிடம் கற்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், 2017 ஜூன் மாதத்து ஏற்றத்தை விட்டுவிட்டு, அந்த நவம்பர் மாதத்துப் பின்வாங்கலைத்தான் காட்டுவேன். ஓரடி உயரத்துக்கு மேல் கயிறில்லாமல் ஏறுவதை எவரும், பயிற்சியாகக்கூட, மேற்கொள்ளக் கூடாது.

கருநாடகத்தின் சித்திரதுர்க்கக் கோட்டைச் சுவர்களில் வெறுங்கையோடு ஏறிக் காட்டும் ஜோதி ராஜையும் நம் இளைஞர்கள் நன்கு அறிவர். அவர் ஏறும் வேகத்தைப் பார்ப்பவர்கள், அந்தக் கோட்டையின் கற்களோடு அவருக்குள்ள நீண்ட காலப் பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் வேறோர் ஊரின் பழஞ்சுவரில் கை வைத்தால், கல் பெயர்ந்து வருமா வராதா என்பதை அறிய அவருக்கு எந்த வழியும் இல்லை.

எனவே, முன்னோடியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. அவர் எப்படிப் பயிற்சி செய்தார் என்பது பொதுவெளியில் தெரிகிறதா? தோற்ற முயற்சிகளை மறைக்காமல் சொல்கிறாரா? உடலமைப்பிலோ வாழும் சூழலிலோ உங்களுக்கு ஓரளவேனும் நெருக்கமானவரா? மூன்றாவது கேள்வியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆறடி உயரமுள்ளவர் கையை எட்டிப் பிடிக்கும் முறையை ஐந்தடிப் பெண் பார்த்துப் பழகினால் சோர்வுதான் மிஞ்சும்.

உயரம் குறைந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் லின் ஹில். 1961இல் பிறந்த இந்த அமெரிக்கப் பெண், சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். எல் கேப்பிட்டனின் நடுவே மூக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் நோஸ் என்னும் பாதையில், கயிற்றை விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கை கால்களின் பலத்தால் மட்டுமே முழுவதும் ஏறிய முதல் மனிதர் அவரே, ஆண்டு 1993. மறு ஆண்டே அதே பாதையை 24 மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். அப்பாதையில் பிடிப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஒரு மூலை வருகிறது. அங்கே அவர் உள்ளங்கை, தோள், இடுப்பு, பாதம் என உடலின் பல பகுதிகளை எதிரெதிரான இரு சுவர்களில் அழுத்தி, உடலைத் திருகித் திருகி மேலே நகர்ந்தார். எட்டாத பிடியை எண்ணி வருந்தாமல், தம் உடலுக்கு ஏற்ற வேறு வழியைத் தேடியதே அவருடைய முறை. இதை வீட்டிலேயே பழகலாம்: கதவு நிலையின் இரு பக்கங்களிலும் உள்ளங்கைகளையும் பாதங்களையும் அழுத்தி, தரையிலிருந்து ஓரடி உயரம் மட்டும் எழும்பி நிற்கப் பாருங்கள். விரலால் எதையும் பற்றாமல், அழுத்தத்தால் மட்டுமே உடலைத் தாங்க முடியும் என்பதை உங்கள் தோள்களே உணர்த்தும். நிலை உறுதியாகப் பதிந்திருக்கிறதா என்று முதலில் ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிச்சும் துணையும்

லின் ஹிலின் வாழ்க்கையில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியைப் பாறையேற்றம் கற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1989இல் பிரான்சு நாட்டின் பூ (Buoux) என்னும் இடத்தில், இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டத் தொடங்கியவர், இடையில் கவனம் சிதறி முடிச்சை முடிக்காமலேயே ஏறிவிட்டார். மேலே சென்று கயிற்றில் சாய்ந்தபோது கயிறு உருவிக்கொண்டது. இருபது மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தார். வழியில் ஒரு மரக்கிளை தடுத்ததால் உயிர் பிழைத்தார். அவர் அப்போதே உலகின் முன்னணிப் பாறையேறிகளுள் ஒருவர். அவருடைய திறமையில் எந்தக் குறையும் இல்லை. சரிபார்த்தல் என்னும் ஒரே ஒரு படி விடுபட்டதே விபத்துக்குக் காரணம்.

முடிச்சு என்று வரும்போது, இந்தக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு பெரும் வாய்ப்பு இருக்கிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும், இருட்டில், ஈரக்கையோடு, ஆடும் படகில் நின்று முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று அமருங்கள். பாறையேறிகள் இடுப்பு வாரில் கட்டுவது எட்டு வடிவ முடிச்சைத் திரும்பவும் அதே தடத்தில் ஓட்டி இரட்டிப்பாக்கும் முறை. அதை வரைபடத்தைப் பார்த்து ஒருமுறை கற்றுக்கொண்டபின், கண்ணை மூடிக்கொண்டு போடவும், போட்டபின் விரலால் தடவியே இரு இழைகளும் இணையாகச் செல்கின்றனவா என்று அறியவும், கடலில் தொழில் செய்பவரின் பழக்கம் உங்களுக்கு உதவும். முடிச்சை முடித்தபின் எதிரில் இருப்பவர் அதைத் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தரையிலிருந்து கால் எடுக்கக் கூடாது என்பதை, ஓரடி உயரப் பயிற்சியிலேயே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர்களிடமிருந்து கயிற்றை மட்டும் வாங்கக் கூடாது. மீன்பிடித் தொழிலில் பயன்படும் பாலிபுரொப்பிலீன் கயிறு பாரத்தை இழுக்கவும் நீரில் மிதக்கவும் செய்யப்பட்டது. விழும் மனிதரைத் தாங்கும்போது போதிய அளவு நீளாது என்பதால், வீழ்ச்சியின் அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்பிலும் மேலே கயிறு மாட்டிய இடத்திலும் இறங்கும். உராய்ந்து சூடேறினால் எளிதில் உருகவும் செய்யும். பாறையேற்றக் கயிறு நீண்டு கொடுத்து வீழ்ச்சியை மென்மையாக்கும்படி நைலானால் நெய்யப்படுகிறது. அதன் நுனியில் ஈஎன் 892 என்னும் தரக்குறியும், ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு வட்டத்துக்குள் 1 என்ற எண்ணும் இருக்கும். இக்குறிகள் இல்லாத கயிற்றில், எவ்வளவு தடிமனாக இருந்தாலும், உடலைக் கட்டாதீர்கள். பிறர் பயன்படுத்திய கயிறு மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் வாங்காதீர்கள். அது எத்தனை முறை வீழ்ச்சியைத் தாங்கியது என்பது வெளியே தெரியாது.

துணையைப் பற்றிப் பேசும்போது டாமி கால்ட்வெல்லை விட்டுவிட முடியாது. 2001இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் இடக்கைச் சுட்டுவிரலை இழந்தவர் அவர். பாறையேறிக்கு அந்த விரல் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவரும் கெவின் ஜார்ஜசனும் எல் கேப்பிட்டனின் டான் வால் பாதையில் 19 நாட்கள் சுவரிலேயே தங்கி ஏறி, 2015 ஜனவரி 14 அன்று முடித்தார்கள். பதினைந்தாவது கட்டத்தில் ஜார்ஜசன் நாள்கணக்கில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தார். விரல் தோல் கிழிந்து, ஆறுவதற்காக ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. கால்ட்வெல்லோ அதைக் கடந்து மேலே சென்றுவிட்டார். பல ஆண்டுகள் உழைத்த கனவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும், தனியாக முடிக்க விரும்பாமல் அவர் காத்திருந்தார்; இருவரும் சேர்ந்தே உச்சியை அடைந்தார்கள். நீங்கள் பயிற்சிக்குத் துணை தேடும்போது, உங்களைவிட வலிமையானவரைத் தேடாதீர்கள். நீங்கள் விழும்போது கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காதவரை, நீங்கள் தடுமாறும் இடத்தில் சலிப்பில்லாமல் நிற்பவரைத் தேடுங்கள். அத்தகையவர் கிடைத்தால் அவரே உங்கள் முதல் முன்னோடி.

சாயல்குடிப் பனங்காட்டில் கற்க வேண்டியவை

வெளிநாட்டுப் பெயர்களை இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, நம் கண்ணெதிரே நாள்தோறும் ஏறி இறங்குபவர்களைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. சாயல்குடி, நரிப்பையூர், கடலாடி வட்டாரத்துப் பனையேறிகள், பதநீர்ப் பருவத்தில் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறுகிறார்கள். ஒரு நாளில் ஏறும் மரங்களின் உயரத்தைக் கூட்டிப் பார்த்தால், பெயர்பெற்ற பாறைச் சுவர்களுக்கு அது குறைந்ததாக இராது.

பனையேறி ஒருவர் ஏறும்போது கைகளைப் பார்க்காமல் பாதங்களை மட்டும் பாருங்கள். தளைநார் இரு பாதங்களையும் ஓர் அளவுக்கு மேல் விலகாமல் இணைத்திருக்கிறது. உள்ளங்கால்கள் இரு பக்கத்திலிருந்தும் மரத்தை அழுத்துகின்றன. எடை பாதத்துக்கு மாறியபின்தான் கைகள் மேலே நகர்கின்றன. கைகள் உடலைத் தூக்குவதில்லை, மரத்தோடு அணைத்துப் பிடிப்பதோடு சரி. காலால் எழும்பு, கையால் சமநிலை கொள் என்று உலகெங்கும் பாறையேற்றப் பயிற்சியில் முதல் நாளில் சொல்லித்தரும் பாடம் இதுவே. இறங்கும்போது இன்னும் கூர்ந்து பாருங்கள்: இடுப்பில் கலயமும் பாளை அரிவாளும் இருக்க, பாதம் பதிந்த இடம் உறுதியானதா என்று ஒவ்வோர் அடியிலும் எடையை மெல்ல மாற்றிச் சோதித்தபின்பே அடுத்த அடி. பாறையில் பலர் தடுமாறுவது இறங்கும்போதுதான். பனங்காட்டைப்போல இறங்குவதைக் கற்பிக்கும் பள்ளியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தக் கலையைக் கற்க விரும்புவோர் சில முறைமைகளைப் பின்பற்ற வேண்டும். மரம் அவருடைய பிழைப்பு. பாளை சீவும் பருவத்தில் அவருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது. பருவம் முடிந்தபின், அனுமதி பெற்று, அவருக்குரிய கூலியைக் கேட்டுக் கொடுத்து, அவர் தேர்ந்தெடுக்கும் மரத்தில், மேலிருந்து பாதுகாப்புக் கயிறு கட்டி, ஆளுயரத்துக்கு மேல் போகாமல் பழகுங்கள். படம் எடுப்பதானால் முதலில் கேளுங்கள். மரத்திலிருந்து விழுந்து உயிரிழந்தவர்களும் நடமாட்டம் இழந்தவர்களும் உள்ள குடும்பங்கள் இவை. அங்கே சாகசம் என்ற பேச்சை எடுக்காமல் இருப்பதே மரியாதை.

வீட்டிலும் மணலிலும் செய்யும் பயிற்சி

செக் நாட்டைச் சேர்ந்த ஆடம் ஓன்ட்ரா, 2017 செப்டம்பர் 3 அன்று நார்வேயின் பிளாட்டாங்கர் குகையில் ஏறிய சைலன்ஸ் என்னும் பாதை, கடினத்தை அளக்கும் தரவரிசையில் 9சி என்று தரமிடப்பட்ட முதல் பாதையாகும். அதற்கான தயாரிப்பில் அவர் தரையில் படுத்து, கண்ணை மூடி, ஒவ்வோர் அசைவையும் கை கால்களால் செய்து பார்த்தார். இதற்கு மலை தேவையில்லை, பாய் போதும். நீங்கள் பார்த்த ஒரு குறுகிய ஏற்றக் காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் வரும் அசைவுகளை வரிசையாகத் தாளில் எழுதி, பின் படுத்துக்கொண்டு நினைவிலிருந்து செய்து பாருங்கள். எங்கே நினைவு தப்புகிறதோ, அங்கே நீங்கள் காட்சியைப் பார்த்தீர்களே தவிரப் படிக்கவில்லை என்று பொருள்.

பார்வையில்லாத பிரிட்டிஷ் பாறையேறி ஜெஸ்ஸி டஃப்டன், 2019இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் கடலோரம் 137 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஓல்ட் மேன் ஆஃப் ஹாய் என்னும் மணற்கல் தூணில், கயிற்றை முதலில் மேலே கொண்டுசெல்பவராக முன்னணியில் ஏறினார். கீழிருந்து துணைவி சொல்லும் சொற்களும் தம் விரல்களின் தொடுகையுமே அவருக்கு வழிகாட்டின. பள்ளி விளையாட்டுத் திடலில், கண்ணைக் கட்டிக்கொண்டு தாழ்ந்த மேடையிலோ படிக்கட்டிலோ நடப்பவருக்கு மற்றவர் சொல்லால் மட்டும் வழிகாட்டும் பயிற்சியை ஆசிரியர்கள் இதிலிருந்து உருவாக்கலாம். தெளிவாகச் சொல்வதும் கவனித்துக் கேட்பதும் பாறையேற்றத்தில் உயிர் காக்கும் திறன்கள்.

மலையில்லாத ஊரில் பிறந்தோமே என்று வருந்துவோர் ஆஷிமா ஷிரைஷியை நினைக்கலாம். 2001இல் நியூயார்க் நகரில் பிறந்த அவர், ஆறு வயதில் அந்நகரப் பூங்காவிலுள்ள ஒரு சிறு பாறையில் தொடங்கினார். பயிற்சி கொடுத்த தந்தை நடனக் கலைஞர். ஏறும்போது அணியும் காற்சட்டைகளைத் தாய் தைத்துக் கொடுத்தார். பதினான்கு வயதில், உலகில் மிகச் சிலரே ஏறியிருந்த கடினத்தில் ஒரு பாறையை ஜப்பானில் ஏறினார். பெற்றோருக்கு நான் சொல்வது, பாறையேற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உடன் நிற்பதே போதும்.

விரல் வலிமைக்கு வருவோம். ஜெர்மானியரான வோல்ஃப்காங் குலிச், 1991இல் ஆக்சியோன் டிரெக்ட் என்னும் பாதைக்காக, மரச் சட்டங்களை ஏணிபோல் அடுக்கி, கால் வைக்காமல் விரல்களால் மட்டும் தாவி ஏறும் பலகையில் பயின்றார். அது இன்று கேம்பஸ் பலகை என்ற பெயரில் உலகெங்கும் இருக்கிறது. காணொளிகளில் பார்த்து அதைச் செய்யத் துடிப்பவர்கள் மிகுதி. வளரும் வயதினர் அதைத் தொடவே கூடாது. எலும்பு முனைகள் முழுதும் இறுகாத வயதில் விரல் எலும்பில் முறிவு ஏற்படும் அபாயம் உண்டு. பெரியவர்களும் முதல் ஓராண்டில் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் தசை வலுப்பெறும் வேகத்தில் தசைநாண் வலுப்பெறுவதில்லை. அதற்குப் பதிலாக, கயிறுபோல் முறுக்கிய ஈரத்துணியைப் பிழிதல், வாளி மணலுக்குள் விரல்களை விரித்து மூடுதல், காய்ந்த தளர் மணலில் வெறுங்காலோடு நடந்து கணுக்காலை உறுதியாக்குதல் ஆகியவற்றைச் செய்யலாம். உடல் எடையைக் குறைத்தால் எளிதாக ஏறலாம் என்று எண்ணிப் பட்டினி கிடக்காதீர்கள். டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட், உணவைக் குறைத்து உடலைக் கெடுத்துக்கொள்ளும் போக்கை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசிவருகிறார். இந்த விஷயத்தில் பெண் பிள்ளைகளுக்கு அவரைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

இங்கே ஏறக் கூடாதவை

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப்பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்கள் பவளக் கற்களால் கட்டப்பட்டவை. உப்புக் காற்றில் அரித்துப்போன அவற்றில் ஏறுவது உங்களுக்கும் ஆபத்து, அச்சுவர்களுக்கும் அழிவு. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பவளம் உயிருள்ளது, அதன்மேல் கால் வைப்பதே கேடு. பாம்பன் பாலங்கள், கலங்கரை விளக்கங்கள், கைப்பேசிக் கோபுரங்கள் ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மைப் பாறையை நோக்கி

மதுரை வரை சென்றாலே பாறைக் குன்றுகள் தென்படும். ஆனால் யானைமலை, கீழக்குயில்குடிச் சமணர் மலை போன்றவற்றில் சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ளன. பாதுகாக்கப்பட்ட அத்தகைய இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், ஏற நினைக்காதீர்கள். முதல் ஏற்றத்துக்குக் கருநாடகமே ஏற்றது. பெங்களூருக்கு அருகிலுள்ள இராமநகரத்தில் கருங்கல் உண்டு. ஹம்பியில் உருண்டைப் பாறைகள் உண்டு. பாதாமியில் செந்நிற மணற்கல் சுவர்களில் கொக்கிகள் அடித்த பாதைகள் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்ந்த மாதங்களில் செல்லுங்கள். வெயிலில் கை வியர்த்தால் பிடி நழுவும். அம்மாநிலத்தின் ஜெனரல் திம்மையா தேசிய சாகசப் பயிற்சிக் கழகம் போன்ற முறையான நிறுவனங்களின் வகுப்பில் சேர்ந்தே முதல் கயிற்றைக் கட்டுங்கள். அங்கே உங்களுக்குக் கற்பிப்பவர் ஒவ்வொரு முறையும் முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காவிட்டால், தயங்காமல் நீங்களே கேளுங்கள்.

சொந்தக் கருவிகள் வாங்கியபின், கடலோரத்தில் வாழ்பவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது உப்பு. கயிற்றை மாட்டும், திறந்து மூடும் அலுமினியக் கொக்கிகளின் மேல் வெண்ணிறப் பூப்பும் சிறு குழிகளும் தோன்றினால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அறிந்து, வாய்ப் பகுதி தடையின்றித் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். சிக்கினால், அல்லது குழிகள் ஆழமானால், ஒதுக்கிவிடுங்கள். கடற்காற்று பட்ட கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் நைலானைக் கெடுக்கும், இழைகளுக்குள் புகுந்த உப்பும் மணலும் உள்ளிருந்தே அராவும். படகு அல்லது வண்டியின் பேட்டரி வைத்த அறையில் கயிற்றை ஒருபோதும் வைக்காதீர்கள். அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு மாறாமலே வலிமையை இழந்துவிடும். வாங்கிய தேதி, பயன்படுத்திய நாட்கள், தாங்கிய பெரிய வீழ்ச்சிகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அந்தக் குறிப்பேட்டைக் கயிற்றுப் பையிலேயே வையுங்கள். உங்களிடம் கற்க வரும் அடுத்தவர், அந்தக் கயிற்றைக் கட்டுவதற்குமுன் முதலில் அதைப் படிக்கட்டும்.